இடுப்பு வலிக்கு ஒரு பை இபுப்ரோஃபென்: குவாத்தமாலா மலை முகாம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் நோயாளி ஒரே ஆள் இல்லை. குவாத்தமாலாவின் மேற்கு மலைப்பகுதியில் அமெரிக்கக் கிறிஸ்தவச் சபைகள் நடத்தும் ஒரு வார மருத்துவ முகாம்களில் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் ஒரு வகை ஆள் இவர். பலருடைய கதையைக் கோத்து ஒருவராக்கியிருக்கிறேன், அதனால் அவருக்குப் பெயர் கிடையாது, ஊருக்கும் கிடையாது. பரிசோதனை எண்களும் இந்த நோயில் வழக்கமாகப் பார்க்கும் அளவில் வைத்தவைதான். நோய், மருந்து, வரலாறு, நிறுவனங்கள் பற்றிச் சொல்வதெல்லாம் உள்ளபடியே.

எதற்கு இந்தக் கேஸ்? மிஷன் முகாம் என்று பேச்செடுத்தாலே இரண்டு பாட்டுதான் கேட்கிறது. "இத்தனை நூறு பேரைப் பார்த்தோம், கர்த்தர் பெரிய காரியங்களைச் செய்தார்" என்பது ஒன்று. "போட்டோ எடுக்கத்தானே போகிறார்கள்" என்பது இன்னொன்று. இரண்டு கோஷ்டியும் நோயாளி வீட்டுக்கு எடுத்துப்போன மாத்திரைப் பையைத் திறந்து பார்ப்பதில்லை. முகாமின் நல்லதும் கெட்டதும் அந்தப் பைக்குள்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

முகாம்

ஜூலை மாதம். அமெரிக்காவில் பள்ளி, கல்லூரி விடுமுறை. டாக்டருக்கும் லீவு கிடைக்கும், கல்லூரிப் பிள்ளைகளும் வரலாம் என்பதால் இந்த மாதிரிக் குழுக்களில் நிறையப் பேர் ஜூன், ஜூலையில்தான் கிளம்புகிறார்கள். சுமார் இருபது பேர். டாக்டர்கள் இரண்டு பேர், நர்ஸ்கள் சிலர், பல் டாக்டர் ஒருவர். மற்றவர்கள் சபை மக்கள். அவர்கள் மாத்திரை எண்ணுவார்கள், பிரஷர் பார்ப்பார்கள், குழந்தைகளோடு விளையாடுவார்கள், ஜெபிப்பார்கள். ஆளுக்கு ஒரு பெட்டியில் துணிமணி, இன்னொரு பெட்டி முழுக்க மருந்து. உள்ளூரில் அழைத்து ஏற்பாடு செய்தவர் ஓர் இவாஞ்சலிக்கல் சபையின் போதகர். இன்று குவாத்தமாலா மக்களில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பேர் இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்கள். 1976 பிப்ரவரி 4 நிலநடுக்கத்தில் 20,000 பேருக்கு மேல் இறந்தபோது உதவியோடு வந்து இறங்கிய வெளிநாட்டுச் சபைகளுக்கு அந்த வளர்ச்சியில் பங்கு உண்டு. ஆக, இந்த உறவு நேற்று முளைத்தது கிடையாது. ஊர்க்காரர்களுக்கு இந்தக் குழுக்கள் பழக்கமானவைதான்.

ஊரில் அரசு சுகாதார நிலையம் என்று ஒன்று இருக்கிறது: ஒரு உதவி நர்ஸ், ஒரு அலமாரி, அலமாரியில் பாதி காலி. உள்நாட்டுப் போரை முடித்த 1996 சமாதான ஒப்பந்தத்துக்குப் பிறகு, டாக்டரே எட்டிப்பார்க்காத ஊர்களுக்குத் தொண்டு நிறுவனங்களை ஒப்பந்தத்தில் அனுப்பும் அரசுத் திட்டம் ஒன்று நடந்துவந்தது. 2014 வாக்கில் அதையும் நிறுத்திவிட்டார்கள். 2014-15 தேசிய ஆய்வுப்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 46.5 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். இப்படிப்பட்ட இடத்தில் டாக்டர் வருகிறார் என்று கேள்விப்பட்டால் கூட்டம் வராமல் என்ன செய்யும்? விடியும் முன்பே வரிசை நின்றுவிட்டது.

பள்ளிக்கூடத்தில் மேசைகளை வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். முதலில் பதிவு, அடுத்து எடை, பிரஷர். அப்புறம் டாக்டர், மருந்து, கடைசியில் ஜெபம். டாக்டர் ஆங்கிலத்தில் கேட்பதை ஒருவர் ஸ்பானிஷில் சொல்ல, அதை இன்னொருவர் கிச்சே என்ற மாயா மொழியில் சொல்ல, பதில் அதே வழியில் திரும்பி வரும். ஒரு நோயாளிக்குக் கிடைக்கிற சில நிமிடங்களில் பாதி இந்த மொழிப் பயணத்திலேயே போய்விடும். டாக்டர் சோம்பேறி இல்லை, வெளியே இன்னும் நூறு பேர் வெயிலில் நிற்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும், அதனால் கேள்விகளைச் சுருக்குகிறார்.

நோயாளி

வயது 34, ஆண், கிச்சே பேசுபவர். சொன்ன தொந்தரவுகள் மூன்று: இடுப்பு வலி பல மாதமாக, சிறுநீர் போகும்போது எரிச்சல் அவ்வப்போது, அப்புறம் அசதி. காய்ச்சல் இல்லை. பிரஷர் 134/86. சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் பட்டையில் வெள்ளணு ஒரு பிளஸ், கிருமி இருந்தால் பெரும்பாலும் தெரிகிற நைட்ரைட் இல்லை, புரதம் லேசான சாயல் மட்டும்.

பதிவுத் தாளில் பெயர், வயது, அலர்ஜி, தொந்தரவு ஆகிய நான்கு கட்டங்கள் இருந்தன. தொழிலுக்குக் கட்டம் இல்லை. டாக்டர் வாய்வார்த்தையாகக் கேட்டபோது "விவசாயம்" என்று பதில் வந்தது. பொய்யில்லை, ஜூலையில் அவர் வீட்டருகே துண்டு நிலத்தில் மக்காச்சோளமும் பீன்ஸும் பார்த்துக்கொண்டிருக்கிறார். நவம்பரிலிருந்து ஏப்ரல், மே வரை அவர் எங்கே இருக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. அந்த மாதங்களில் அவர் தெற்கே பசிபிக் கரைச் சமவெளியில், எஸ்குயின்ட்லா பக்கம், கரும்பு வெட்டுகிறார். பத்து வருஷத்துக்கு மேலாக. வெட்டிய எடைக்குத்தான் கூலி. முந்தின நாள் தீ வைத்துக் கரும்பின் காய்ந்த தோகையை எரித்த வயலில், கரி படிந்த காற்றில், முப்பது டிகிரிக்கு மேல் வெயிலில், நாளைக்குப் பல டன் வெட்டும் வேலை. தண்ணீர் குடிக்க நின்றால் கூலி குறையும்.

டாக்டர் எழுதியது: தசை வலி, சிறுநீர்த் தொற்று. வலிக்கு இபுப்ரோஃபென் 400 மி.கி. நாளைக்கு மூன்று வேளை ஒரு மாதத்துக்கு, தொற்றுக்கு ஆன்டிபயாட்டிக்கான சிப்ரோஃப்ளாக்சசின் ஏழு நாள், வயிற்றைக் காக்க ஒமெப்ரசோல், முகாமுக்கு வரும் எல்லோருக்கும் கொடுக்கிற பூச்சி மாத்திரை, சத்து மாத்திரை. மருந்து மேசையில் பெரிய டப்பாவிலிருந்து 200 மி.கி. மாத்திரைகளை எண்ணி, வேளைக்கு இரண்டு என்ற கணக்கில் நூற்றெண்பது மாத்திரைகளைச் சின்னப் பிளாஸ்டிக் பைகளில் போட்டு, மேலே சூரியனும் நிலாவும் வரைந்து கொடுத்தார்கள். படிக்கத் தெரியாதவருக்கு இந்தப் படம் நல்ல யோசனை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் எப்போது போடக் கூடாது என்பதற்கு அந்தப் பையில் படம் இல்லை.

கடைசி மேசை ஜெபம். இந்த மேசையைக் கேலி செய்வது சுலபம், எனக்கு அதில் உடன்பாடில்லை. அங்கே அவசரம் கிடையாது. ஒரு நடுவயது அம்மா உட்கார வைத்து, பெயரைக் கேட்டு, எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று கேட்டார். இவர் சொன்னார்: நவம்பரில் கரைக்குக் கரும்பு வெட்டப் போகிறேன், போன வருஷம் அங்கே இரண்டு முறை மயங்கி விழுந்தேன், என் மாமாவும் என்னோடு வெட்டிய இன்னொருவரும் சிறுநீரகம் கெட்டு இறந்துபோனார்கள், இந்த வருஷம் எனக்குப் பெலன் வேண்டும். அந்த அம்மா கண்ணீரோடு ஜெபித்தார். முகாம் முழுவதிலும் மருத்துவ ரீதியாக மிகவும் முக்கியமான மூன்று வாக்கியங்கள் அவர் காதில்தான் விழுந்தன, எட்டடி தள்ளி உட்கார்ந்திருந்த டாக்டருக்கு அவை போய்ச் சேரவே இல்லை.

அடுத்த ஆறு மாதம்

மாத்திரை வேலை செய்தது. அதுதான் சங்கடம். இரண்டே நாளில் இடுப்பு வலி அடங்கியது, அதனால் ஒரு மாதம் தொடர்ந்து போடாமல் பாதியை எடுத்துவைத்தார். மனைவிக்குத் தலைவலி வந்தபோது கொஞ்சம், மீதியை நவம்பரில் கரைக்குக் கொண்டுபோனார். அங்கே காலையில் வேலைக்கு இறங்குமுன் இரண்டு மாத்திரை. தீர்ந்ததும் கடையில் அதே வகை வலி மருந்தான டைக்ளோஃபெனாக், வார இறுதியில் டோலோ நியூரோபியான் ஊசி. பி வைட்டமின்களோடு டைக்ளோஃபெனாக்கைச் சேர்த்த இந்த மருந்து லத்தீன் அமெரிக்கா முழுக்கப் பிரபலம், வைட்டமின் ஊசி என்று நினைத்தே பலர் போட்டுக்கொள்கிறார்கள்.

ஜனவரியில் வாந்தி, கை கால் பிடிப்பு, சிறுநீர் குறைவு. இரண்டு நாள் படுத்துவிட்டு மறுபடி வெட்டப் போனார். மாத இறுதியில் முடியாமல் ஊருக்குத் திரும்பி, போதகரின் உறவினர் ஒருவர் சொல்லி நகரத்துத் தனியார் ஆய்வகத்தில் ரத்தம் கொடுத்தார். கிரியேட்டினின், அதாவது சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு, 2.1. இந்த வயது ஆணுக்கு அதை வடிகட்டும் திறனாக மாற்றினால் நிமிடத்துக்குச் சுமார் 41 மி.லி., அதாவது இருக்க வேண்டியதில் பாதிக்கும் கீழே. யூரிக் அமிலம் 9.2 என்று கூடுதல், பொட்டாசியம் 3.3 என்று குறைவு, சர்க்கரை இயல்பு. ஸ்கேனில் இரண்டு சிறுநீரகமும் சற்றுச் சுருங்கியிருந்தன. சில வாரத்தில் வந்த சேதத்துக்குச் சிறுநீரகம் சுருங்காது. ஜூலையில் அந்த மேசை முன் உட்கார்ந்திருந்தபோதே நோய் இருந்தது என்பதற்கு இதுதான் சாட்சி.

இது என்ன நோய்

மீசோஅமெரிக்க நெஃப்ரோபதி என்று பெயர், மத்திய அமெரிக்கச் சிறுநீரக நோய் என்று அர்த்தம். 2002இல் எல் சால்வடார் தலைநகரிலுள்ள ரோசாலெஸ் மருத்துவமனை டாக்டர்கள், டயாலிசிஸ் தேவைப்படும் கட்டத்தில் வந்து சேரும் நோயாளிகளில் பெரும்பாலோருக்குச் சர்க்கரையும் இல்லை, ரத்தக்கொதிப்பும் இல்லை என்று எழுதினார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள், விவசாயக் கூலிகள், தாழ்வான பசிபிக் கரையில் வேலை செய்தவர்கள். நிகராகுவாவின் சிச்சிகால்பா, எல் சால்வடாரின் கீழ் லெம்பா பகுதி ஆகியவை பின்னால் உலகம் முழுக்கத் தெரிந்த பெயர்கள். 2013இல் பான் அமெரிக்கச் சுகாதார நிறுவனம் இதைத் தீவிரமான பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக ஏற்றுத் தீர்மானம் போட்டது. குவாத்தமாலா கரும்பு வெட்டுபவர்களிடம் நடந்த ஆய்வுகளிலும் ஒரே நாள் வேலைக்குள் கிரியேட்டினின் ஏறுவதைப் பார்த்திருக்கிறார்கள். காரணம் பற்றிச் சண்டை இன்னும் ஓயவில்லை. வெப்பமும் நீர்வறட்சியும் திரும்பத் திரும்பச் சிறுநீரகத்தை அடிப்பதுதான் முதன்மை என்பவர்கள் அதிகம், பூச்சிக்கொல்லிகளைச் சந்தேகிப்பவர்களும் உண்டு. வலிநிவாரணிகள் நோயை ஆரம்பித்துவைக்கின்றன என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஏற்கெனவே அடிபட்ட சிறுநீரகத்தை அவை இன்னும் மோசமாக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

ஏன் என்பதை விளக்கிவிடுகிறேன், இந்தக் கேஸின் அச்சாணி அது. உடலில் நீர் வற்றினால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைகிறது. அப்போது சிறுநீரகம் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரந்து, வடிகட்டிக்குள் நுழையும் நுண்ணிய குழாயைச் சுருங்க விடாமல் விரித்துப் பிடித்துக்கொள்கிறது. இபுப்ரோஃபெனும் டைக்ளோஃபெனாக்கும் வலியைக் குறைப்பதே அந்தப் பொருளின் உற்பத்தியை அடைத்துத்தான். ஏசி அறையில் உட்கார்ந்து வேலை செய்யும் ஆரோக்கியமான ஆளுக்கு இதனால் பெரிதாக ஒன்றும் ஆகாது, அவருடைய சிறுநீரகம் அந்த நேரத்தில் அந்தப் பொருளை நம்பி இருக்கவில்லை. வியர்த்துக் கொட்டி உடல் வற்றிப்போன கரும்பு வெட்டுபவருக்கு அது ஒன்றுதான் பிடிமானம். டாக்டரின் ஊரில் கடையில் சீட்டே இல்லாமல் விற்கிற, பாதுகாப்பானது என்று எல்லோரும் நினைக்கிற மருந்துதான் இங்கே பையில் வந்தது, அதனால் யாருக்கும் ஒரு நொடிகூட உறுத்தவில்லை.

சிறுநீர்ப் பட்டை ஏமாற்றியதையும் சொல்ல வேண்டும். சர்க்கரையால் வரும் சிறுநீரக நோயில் புரதம் தாராளமாக ஒழுகும், பட்டை காட்டிக்கொடுத்துவிடும். இந்த நோய் வடிகட்டியைச் சுற்றியுள்ள குழாய்களையும் இடைத்திசுவையும்தான் முதலில் தின்கிறது, புரதம் சொற்பம்தான் வரும். கிருமியே இல்லாமல் வெள்ளணு மட்டும் வருவதும், எரிச்சலும் இந்தத் தொழிலாளர்களிடம் அடிக்கடி பார்ப்பது. இளம் ஆணுக்குச் சிறுநீர்த் தொற்று வருவது அபூர்வம் என்று மருத்துவப் பாடத்திலேயே இருக்கிறது. ஆனால் எரிச்சலையும் வெள்ளணுவையும் சேர்த்துப் பார்த்ததும் கை தானாக ஆன்டிபயாட்டிக் எழுதிவிடுகிறது, மத்திய அமெரிக்க டாக்டர்களும் பல காலம் இதையேதான் செய்தார்கள்.

"கடையில் வாங்கியிருப்பாரே?"

இந்தக் கேஸைச் சொன்னால் முகாம் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி இது. நியாயமான கேள்வி. ஆமாம், வாங்கியிருப்பார், முன்பும் வாங்கியிருக்கிறார். நூற்றெண்பது மாத்திரையால் மட்டும் சிறுநீரகம் இந்த நிலைக்கு வரவில்லை. ஆனாலும் இரண்டு விஷயம். ஒன்று, கடைக்காரர் கொடுத்தது கடைச் சரக்கு; கடல் கடந்து வந்த டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்து, சூரியன் படம் போட்டு, ஜெபத்தோடு கொடுத்தது வேறு. அதற்கப்புறம் அந்த மாத்திரையைச் சந்தேகிக்க அவருக்கு எந்தக் காரணமும் இல்லை. இரண்டாவது எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிகிறது. அன்று அவர் ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டார். நல்ல செய்தியோடு வீட்டுக்குப் போனார். அடுத்த ஆறு மாதத்துக்கு வேறு யாரிடமும் போக வேண்டிய அவசியத்தை அந்த நல்ல செய்தி எடுத்துவிட்டது. முகாம் கொடுத்த மருந்தை எண்ணுகிறார்கள். முகாம் தள்ளிப்போட்ட பரிசோதனையை யார் எண்ணுவது?

குழு ஊர் திரும்பியதும் சபையில் அறிக்கை வாசிப்பார்கள்: பார்த்த நோயாளிகள், கொடுத்த மருந்துச் சீட்டுகள், பிடுங்கிய பற்கள், ஏற்றுக்கொண்ட ஆத்துமாக்கள். இந்தக் கணக்கில் நம் ஆள் வெற்றி. மூன்று தொந்தரவுக்கும் மருந்து போனது, திருப்தியாகப் போனார். குழு கிளம்பிய பின் நோயாளிக்கு என்ன ஆனது என்று அளந்த ஆய்வுகள் இந்தத் துறையில் மிகவும் குறைவு. அளக்க ஆளே அங்கு இல்லை என்பதுதான் காரணம்.

அப்படியானால் வார முகாமே தப்பா என்றால், அப்படிச் சொல்ல மாட்டேன். குடலிறக்க ஆபரேஷன், கண்புரை, உதட்டுப் பிளவு இவையெல்லாம் ஒருமுறை செய்து முடிகிற வேலை. உள்ளூர் மருத்துவமனையோடு சேர்ந்து செய்து, தையலைப் பார்க்க ஆள் இருந்தால் ஒரு வாரத்தில் ஒரு வாழ்க்கையையே மாற்றலாம். வாசிக்கும் கண்ணாடி கொடுத்தால் அது மறுநாளும் கண்ணாடிதான். ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, சிறுநீரகம் போல வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் நடக்கிற நோய்கள்தான் வார முகாமின் அமைப்புக்குள் அடங்காதவை. முகாம் நோயாளியின் வாயிலிருந்து வரும் புகாருக்கு மாத்திரை கொடுக்கிற இடம்; இந்த நோய்க்குக் கடைசிவரை தெளிவான புகார் இருக்காது.

சிமால்தெனாங்கோவில் ஏற்கெனவே நடந்தது

இங்கேதான் எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது. இந்தப் பாடம் மிஷன் உலகத்துக்குப் புதிது இல்லை. அதே குவாத்தமாலாவில், அதே மலைகளில், ஒரு மிஷன் டாக்டரே அதைக் கற்றுச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கரோல் பெர்ஹோர்ஸ்ட், அமெரிக்க லூத்தரன் டாக்டர், 1962இல் சிமால்தெனாங்கோவில் கிளினிக் திறந்தார். குணமாகிப் போன நோயாளிகள் அதே நோயோடு திரும்பி வருவதைப் பார்த்துவிட்டு, காக்சிகெல் என்ற மாயா மக்களின் கிராமங்களிலிருந்து ஆட்களை வரவழைத்துச் சுகாதாரத் தொண்டர்களாகப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார். அவர்கள் சொந்த ஊரில், சொந்த மொழியில் நோய் பார்த்தார்கள், சின்னத் தொகை வாங்கிக்கொண்டு மருந்து கொடுத்தார்கள், தங்களால் முடியாததை கிளினிக்குக்கு அனுப்பினார்கள். ஆஸ்பத்திரியில் நோயாளியின் குடும்பமும் கூடவே தங்கிச் சமைத்துக்கொண்டது.

அவர் போட்ட முன்னுரிமைப் பட்டியல் 1975இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட தொகுப்பு ஒன்றில் வந்தது. முதலிடம் சமூக, பொருளாதார அநீதிக்கு. அடுத்தது நில உடைமை. அப்புறம் விளைச்சலும் சந்தையும், மக்கள்தொகை, சத்துக்குறைவு, சுகாதாரப் பயிற்சி. ஏழாவதாக, கடைசியில், நோய்க்கு மருந்து கொடுப்பது. எழுதியவர் டாக்டர், அதுவும் மிஷன் டாக்டர். நம் நோயாளி ஏன் கரைக்குப் போகிறார்? அவருடைய துண்டு நிலத்து மக்காச்சோளம் வருஷம் முழுக்க வராது என்பதால். அவருடைய கிரியேட்டினினுக்கும் பெர்ஹோர்ஸ்ட் பட்டியலின் இரண்டாம் வரிக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது.

அது தனி மனிதர் ஒருவருடைய கிறுக்கும் இல்லை. உலகத் திருச்சபை மாமன்றம் 1968இல் அமைத்த கிறிஸ்தவ மருத்துவ ஆணையம், மிஷன் ஆஸ்பத்திரிகளின் பணமெல்லாம் கட்டடத்துக்குள்ளேயே போகிறது, சுற்றியுள்ள கிராமத்துக்குப் போவதில்லை என்று வெளிப்படையாகக் கேள்வி கேட்டது. சிமால்தெனாங்கோ, இந்தியாவின் ஜாம்கேட் போன்ற அனுபவங்களோடு அது உலகச் சுகாதார நிறுவனத்துடன் பேசியதன் தடம் ஆரம்பச் சுகாதாரத்தை முன்வைத்த 1978 அல்மா ஆட்டா பிரகடனத்தில் தெரிகிறது. ஆரம்பச் சுகாதாரம் என்ற கருத்தை உலகத்துக்குக் கொடுத்ததில் மிஷன் டாக்டர்களுக்குக் கணிசமான பங்கு உண்டு. எண்பதுகளின் போரில் அந்தத் தொண்டர்கள் பலர் கொல்லப்பட்டார்கள், காணாமல் போனார்கள்; கிராமத்தை ஒருங்கிணைக்கிற யாரையும் ராணுவம் சந்தேகித்த காலம் அது. அதன் பிறகு விமானச் சீட்டு மலிவாகி, வார முகாம் பெருகியது. அந்த டாக்டரின் பெயரையே கேள்விப்படாமல் சிமால்தெனாங்கோ வழியாகப் பஸ்ஸில் போகும் குழுக்கள் எத்தனையோ.

என்ன மாறியிருக்கலாம்

டிக்கெட் எடுத்தாகிவிட்டது, பெட்டி கட்டப் போகிறோம் என்கிற குழுவுக்கும் செய்ய இடம் இருக்கிறது. பதிவுத் தாளில் ஒரு கட்டம் கூட்டினால் போதும்: நவம்பர் முதல் மே வரை எங்கே, என்ன வேலை? கரைக்குப் போகிறவர் என்றால் இபுப்ரோஃபென் வேண்டாம், பாராசிட்டமால் போதும். வலி அதே அளவு அடங்காது, அதைச் சொல்லியே கொடுக்க வேண்டும். விரல்நுனி ரத்தத்தில் கிரியேட்டினின் காட்டும் கையடக்கக் கருவிகள் உண்டு. பட்டைகள் விலை அதிகம், சூடு ஆகாது, ஆனால் எல்லோருக்கும் பார்க்க வேண்டியதில்லை, அந்தக் கட்டத்தில் "கரும்பு" என்று விழுந்தவர்களுக்கு மட்டும். ஜெப மேசையில் உட்காருபவர் நோயாளியின் அனுமதியோடு உடல்நலம் தொடர்பானதை டாக்டரிடம் சொல்லிவிடும் வழக்கம் இருந்தாலே இந்தக் கேஸ் வேறு மாதிரிப் போயிருக்கும். மருந்துக் கொடை பற்றி உலகச் சுகாதார நிறுவனம் 1996 முதல் விதிமுறை வைத்திருக்கிறது: உள்ளூர் டாக்டர்களுக்குப் பழக்கமான, அவர்கள் பட்டியலில் உள்ள மருந்து, வந்து சேரும்போது குறைந்தது ஒரு வருஷக் காலாவதி மீதம். பெட்டிகளில் வருகிற கலவையைப் பார்த்தால் இதைப் படித்தவர்கள் குறைவு என்றுதான் தோன்றுகிறது.

தேதியையும் மாற்றலாம். அறுவடை முடிந்து ஆட்கள் ஊர் திரும்புகிற மே மாதத்தில் ரத்தம் பார்த்தால் அந்தப் பருவம் சிறுநீரகத்தை என்ன செய்தது என்று தெரியும். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தால் அது தற்காலிக அடியா, நிலைத்த நோயா என்று பிரியும். நாள்பட்ட சிறுநீரக நோய் என்று சொல்லவே அந்த மூன்று மாதம் வேண்டும். இரண்டாவது முறை பார்க்க அமெரிக்காவிலிருந்து ஆள் வரத் தேவையில்லை. சுகாதார நிலையத்தின் உதவி நர்ஸுக்கு ஸ்பானிஷில் எழுதிய ஒரு பிரதியும், கிராமத் தொண்டர் ஒருவருக்குப் பயணச் செலவும் சம்பளமும் போதும். ஒரு கல்லூரி மாணவரின் விமானச் சீட்டுப் பணத்தில் இது பல மாதம் ஓடும். இதைச் சொன்னால், பிள்ளைகள் வராவிட்டால் சபையில் காணிக்கையே சேராது என்று பதில் வருகிறது. உண்மைதான் போல. அப்படியென்றால் முகாம் யாருக்காக நடக்கிறது என்பதைச் சபை தனக்குள் பேசிக்கொள்ளட்டும்.

ஒரு எச்சரிக்கை, இது இல்லாமல் மேலே சொன்னதைச் செய்யக் கூடாது. இந்தப் பகுதியின் பெரிய ஆலைகள் சில வேலைக்கு எடுக்குமுன் கிரியேட்டினின் பார்க்கின்றன, அளவு மீறினால் வேலை கிடையாது. ஆகவே அந்த எண் வெளியே போனால் ஒரு குடும்பத்தின் ஆறு மாதச் சோறு போகும். பள்ளிக்கூட வராந்தாவில் எல்லோர் முன்னாலும் "உங்களுக்கு 2.1" என்று மொழிபெயர்ப்பாளர் வழியாகச் சத்தமாகச் சொல்வது கொடுமை. தனியாக, அவர் மொழியில், பார்ப்பதற்கு முன்பே சம்மதம் கேட்டு, தெரிந்தால் என்ன செய்ய முடியும், என்ன முடியாது என்று சொல்லிவிட்டுத்தான் விரலைக் குத்த வேண்டும். வேண்டாம் என்று அவர் சொன்னால் விட்டுவிட வேண்டும்.

இப்போதைய நிலை

இரண்டாவது பரிசோதனையில் கிரியேட்டினின் 2.4, வடிகட்டும் திறன் சுமார் 35. பிரஷர் 146/92க்கு ஏறியதால் அம்லோடிபின் 5 மி.கி.; இன்னொரு பிரஷர் மருந்தான லோசார்ட்டான் சிறுநீரகத்துக்கு நல்லதுதான் என்றாலும் வெயிலில் நீர் வற்றும் ஆளுக்கு அதே மருந்து ஆபத்தாகலாம் என்று நகரத்து டாக்டர் தவிர்த்துவிட்டார். வலிநிவாரணி ஊசிகளை நோயாளி நிறுத்திவிட்டார். டயாலிசிஸ் இன்னும் தேவையில்லை. தேவைப்பட்டால் தலைநகரில் யுனேர்க் என்ற தேசியச் சிறுநீரக மையத்தில் பதிவு செய்ய வேண்டும், வயிற்று வழி டயாலிசிஸ் என்றால் பயிற்சி எடுத்து வீட்டிலேயே செய்துகொள்ளலாம், அதற்குச் சுத்தமான அறையும் தண்ணீரும் வேண்டும். அடுத்த நவம்பரில் அவர் ரத்தப் பரிசோதனை கேட்காத ஒரு கங்காணி மூலம் மறுபடி கரைக்குப் போனார், இந்த முறை கரும்பு வெட்ட இல்லை, விதைக்கரணை நடும் கூட்டத்தோடு. வெயில் அதே வெயில், கூலி குறைவு.